திருப்பி ஏற்றாத இரத்தம்

ஜீவராணியைப் பற்றி எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு பேச்சு உண்டு. ஒன்று, அவளுக்குக் கல் நெஞ்சு. இன்னொன்று, அவளிடம் கேட்டால் நல்ல கேன் கிடைக்கும். இரண்டையும் சொல்கிறவர்கள் ஒரே ஆட்கள்தான், பெரும்பாலும் ஒரே மூச்சில் சொல்வார்கள்.

கேன் என்றால் பத்து லீட்டர் வெள்ளைப் பிளாஸ்டிக் கேன். பதுளையில் ஒரு நலன்புரிச் சங்கம் நடத்தும் டயலிசிஸ் நிலையத்தில் அவளுக்குத் துப்புரவு வேலை. சிறுநீரகம் செத்துப்போனவர்களின் இரத்தத்தை இயந்திரத்துக்குள் ஓடவிட்டு, கழுவி, மறுபடி உடம்புக்கே அனுப்புகிற இடம் அது. இயந்திரத்துக்கு ஊற்றும் மருந்துத் தண்ணீர் அந்தக் கேன்களில்தான் வரும். காலியான பிறகு நன்றாக அலசி வெயிலில் கவிழ்த்து வைத்தால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று விட்டிருந்தார்கள். தெமோதரைக்கு மேலே எங்கள் மலையில் குழாயில் தண்ணீர் வருவது அதன் இஷ்டம், ஆகவே லயத்து வரிசையில் அந்தக் கேன் இல்லாத வீடு இல்லை. "ரத்தம் அள்ளுறவ" என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டு, அவள் கையால் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடிக்கக் கூசுகிறவர்களும் அவள் தந்த கேனில் பிடித்த தண்ணீரைத்தான் குடித்தார்கள். கிருமிநாசினி வந்த நீலக் கேனை மட்டும் அவள் யார் காலில் விழுந்தாலும் தரமாட்டாள். அதைக் கத்தியால் குத்திக் கிழித்துத்தான் வெளியே போடுவாள்.

எனக்கு இதெல்லாம் தெரிந்தது என் அப்பாவால். அவருக்கும் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் அவரை பஸ்ஸில் ஏற்றி அந்த நிலையத்துக்குக் கொண்டுபோகிறேன். நான் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர், லீவு போட்டே என் பேர் கெட்டுவிட்டது. அப்பாவை உள்ளே கட்டிலில் படுக்க வைத்த பிறகு எனக்கு வேலையில்லை. முன் மண்டபத்தில் ஓயாமல் ஒரு டெலிவிஷன் கத்தும், அங்கே உட்கார்ந்தால் எனக்கு எரிச்சல் வரும். அதனால் பின்பக்கம் போய், கொஞ்சம் வெயில் விழும் ஒரு வாங்கில் உட்கார்ந்துகொள்வேன். அதற்கு நேரே ஜீவராணியின் அறை.

அறை என்றால் பூட்டுப் போட்ட ஒரு சின்னக் கொட்டில். ஒரு நோயாளி எழுந்ததும் அவருடைய இரத்தம் ஓடிய குழாய், அதை வடிகட்டிய உருளை, பஞ்சு, கையுறை எல்லாம் மஞ்சள் பைக்குள் போகும். ஊசிகள் மட்டும் கெட்டியான பெட்டிக்குள். மஞ்சள் பையை இரட்டையாகப் போட்டு, கழுத்தை முறுக்கிக் கட்டி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வருவாள். சாதாரணக் குப்பை மாதிரி அது லேசாக இருக்காது. உள்ளே எல்லாமே ஈரம், நனைந்த சாக்கு மாதிரி கனக்கும். பிற்பகலில் ஒரு வேன் வந்து பைகளை ஏற்றிக்கொண்டு போகும். எங்கேயோ பெரிய அடுப்பில் போட்டு எரிப்பார்களாம். எங்கே என்று நான் ஒருமுறை கேட்டேன். தெரியாது என்றாள். எத்தனையோ காலம் அந்தப் பைகளைக் கட்டியவளுக்கு அவை எங்கே போகின்றன என்று கேட்கத் தோன்றவில்லை.

எதையும் கேட்பவள் அல்ல அவள். உள்ளே யார் முகத்தையும் பார்க்கவும் மாட்டாள். நாலாம் கட்டில், ஆறாம் கட்டில் என்றுதான் அவளுக்கு ஆட்களைத் தெரியும். என் அப்பாவோடு ஒரே தோட்டம், ஒரே கோயில், ஒரே பஸ். ஆனாலும் உள்ளே அவர் அவளுக்கு ஒரு கட்டில்தான். ஆரம்பத்தில் எனக்கு அது பிடிக்கவில்லை. என்ன பொம்பளை இவள் என்று நினைத்தேன். பிறகு நானும் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் அவருடைய சட்டைப் பித்தானைப் போட்டுவிடப் பழகிக்கொண்டேன். பழகிய பிறகு அவள்மேல் கோபம் வரவில்லை.

அவள் புருஷன் நல்லையா தேயிலைத் தொழிற்சாலையில், மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற இடத்தில் வேலை பார்த்தவர். அவருக்கும் இதே வியாதி வந்தது. அவரை அழைத்துக்கொண்டு இதே நிலையத்துக்கு வந்து, வெளியே சும்மா உட்கார முடியாமல் சிந்திய தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்த பொறுப்பு மிஸ், துப்புரவுக் கம்பனியிடம் சொல்லி அங்கேயே வேலைக்குச் சேர்த்துவிட்டார். நர்ஸ்மாரை நாங்கள் மிஸ் என்றுதான் சொல்வோம். புருஷனுக்கு வைத்தியம் நடக்கும் இடத்திலேயே சம்பளம் என்று தோட்டத்தில் பொறாமைப்பட்டவர்களும் உண்டு. ஒரு நாள் காலை, இயந்திரத்தில் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நல்லையாவின் இதயம் நின்றுவிட்டது. தோட்டத்து மயானத்தில் புதைத்தார்கள். எழவு வீட்டில் அவள் அழவில்லை. கருமாதி முடிந்ததும் அதே கட்டில்களுக்கு நடுவே பையும் துடைப்பமுமாகப் போய் நின்றாள். கல் நெஞ்சுப் பேச்சு அன்றைக்கு ஆரம்பித்தது. என் அம்மாவும் சொன்னாள்.

ஒருநாள் பஸ்ஸில் நானே கேட்டுவிட்டேன். அழ வரவில்லை என்றாள். "கொழுந்து மலையில குளிர்ல நின்னா காலு மரத்துப் போயிரும்ல டீச்சர், முள்ளு ஏறுனாலும் தெரியாதே. அந்த மாதிரித்தான் இருக்கு," என்றாள். அதைச் சொல்லும்போதும் மடியில் இருந்த கேனின் மூடியைத்தான் திருகிக்கொண்டிருந்தாள்.

வேலைக்குத் திரும்பியதற்குக் காரணம் மகள் ஜெயந்தினி. உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு பதுளையில் ஒரு தொழில்நுட்பப் படிப்பில் சேர்ந்திருந்தாள். ஜீவராணிக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பிடிவாதம் அந்தப் பிள்ளை தலையில் கொழுந்துக் கூடை ஏறக் கூடாது என்பது. அதற்கு இந்த வேலை இருக்க வேண்டும். இந்த வேலை இருக்க வேண்டுமானால் கொட்டிலின் பூட்டு ஒழுங்காக இருக்க வேண்டும். முன்னொரு தடவை பழைய பிளாஸ்டிக் பொறுக்குகிற ஒருவன் பூட்டாமல் கிடந்த மஞ்சள் பையைப் பிரித்து, உள்ளே தவறிக் கிடந்த ஊசி குத்தி, மாதக்கணக்கில் இரத்தப் பரிசோதனைக்கு அலைந்தான். அப்போதிருந்த துப்புரவுக்காரியை அன்றே அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு ஒரே சட்டம். மஞ்சள் பைக்குள் போனது வேனுக்குத் தவிர வேறு யார் கைக்கும் போகக் கூடாது, கொடுத்தவள் அடுத்த நாள் வரத் தேவையில்லை. நியாயமான சட்டம்தான். என் அப்பா அங்கே படுக்கிறார், நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் நேரத்திலேயே வருகிறவர் வாஹித் முதலாளி. பதுளை பஜாரில் குடையும் மழைக்கோட்டும் விற்கிற கடை அவருடையது. எங்கள் மலைகளில் பாதிப் பேர் அவருடைய குடையில்தான் நனையாமல் இருக்கிறார்கள். கூட எப்போதும் அவர் மனைவி ஸித்தி ஸுபைதா வருவார். மற்றவர்கள் நாங்கள் வெளியே இருப்போம். அவர் மட்டும் உள்ளே புருஷனின் கால்மாட்டில் நின்றுகொண்டே இருப்பார். கழுவுவது முடிந்ததும் மிஸ் சேலைனைத் திறந்து, குழாயில் மிச்சமிருக்கும் இரத்தத்தை உடம்புக்குள்ளேயே தள்ளிவிடுவார். சிவப்பாக இருக்கும் குழாய் மெதுவாக வெளுத்து, தண்ணீர் நிறத்துக்கு வரும். ஸுபைதா கண்ணெடுக்காமல் அதைப் பார்ப்பார். கடைசிச் சிவப்பும் உள்ளே போன பிறகுதான் அவர் தன் முந்தானையைச் சரிசெய்வார். அவர் ஏதோ தன் சாமானை எண்ணி வாங்குகிறார் என்று நாங்கள் சிரிப்போம். அவர் காதிலும் விழுந்திருக்கும்.

போன ஆனி மாதத்தில் ஒரு காலை வாஹித் முதலாளி அங்கேயே போய்விட்டார். நல்லையா போன மாதிரிதான். ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் அலறியது, டொக்டர் ஓடிவந்தார், நெஞ்சை அமுக்கினார்கள், திரையை இழுத்துவிட்டார்கள். அப்பாவிடம் நின்ற என்னையும் எதையும் பார்க்கவிடாமல் வெளியே அனுப்பிவிட்டார்கள். பின்பக்க வாங்கில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஜீவராணி ஒரு மஞ்சள் பையோடு வந்தாள். கொட்டிலைத் திறந்து வைத்தாள், பூட்டினாள், கை கழுவினாள். யார் என்று கேட்டேன். "ரெண்டாம் கட்டில்," என்றாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்பாவுக்கு இன்று முடிய நேரமாகும், பஸ் தப்பிவிடும் என்றுதான் தோன்றியது. உண்மை அதுதான், அதற்கு நான் வெட்கப்படக்கூட இல்லை.

வாஹித் முதலாளியின் ஜனாஸாவை வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு வேன் வந்து நின்றது. அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று மகன் பஸீல் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். ஸுபைதா வேனில் ஏறவில்லை. கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார். ஜீவராணியின் முன்னால் வந்து நின்று, அவருடைய இரத்தம் எங்கே என்று கேட்டார்.

ஜீவராணிக்கு முதலில் விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. ஸுபைதா நிதானமாகச் சொன்னார். ஒவ்வொரு நாளும் கடைசியில் திருப்பி ஏற்றுவார்களே, இன்று ஏற்றவில்லை, குழாய் சிவப்பாகவே இருந்ததை என் கண்ணால் பார்த்தேன், அது உடம்போடு சேர்ந்து மண்ணுக்குப் போக வேண்டியது, தாருங்கள் என்றார். ஜீவராணி தலையை ஆட்டினாள். மிஸ்ஸிடம் கேளுங்கள் என்று அனுப்பினாள். மிஸ்ஸும் தன்மையாகத்தான் மறுத்திருக்கிறார், தொற்று, சட்டம், எல்லாம் எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஸுபைதா மறுபடி பின்பக்கம் வந்தார். இந்த முறை பஸீலும் கூட வந்தான். பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் போனில் கேட்டுவிட்டதாகவும், கிடைத்தால் அடக்குங்கள், கிடைக்காவிட்டால் குற்றமில்லை என்று அவர் சொன்னதாகவும், வாருங்கள் உம்மா என்றும் கெஞ்சினான்.

"குத்தமில்லதான் மகன். எனக்கு ஏலா," என்றார் ஸுபைதா. பிறகு ஜீவராணியைப் பார்த்தார். "கொரோனா நேரம் எங்கட நாநாவ, என்ட கூடப்பொறந்த மூத்தவர, கவர்மென்ட்டால எரிச்சாங்க. மௌத்தான மனுசன் மண்ணுக்குப் போகல்ல, நெருப்புக்குப் போன. எங்கட வீட்டுல இன்னும் ஒருத்தரும் அத வாயெடுத்துச் சொல்ற இல்ல. இதையும் எரிக்கப் போறாங்க. எனக்குத் தெரிஞ்சிக்கிட்டே வீட்ட போகச் சொல்றீங்களா?"

ஜீவராணி கையுறையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை என்று சத்தியம் பண்ணுவேன்.

"உங்கட மாப்புளயும் இங்கதானே மௌத்தாப் போன," என்றார் ஸுபைதா, நல்லையாவைப் பற்றி. "அவர்ட ரெத்தத்த என்ன செஞ்சீங்க?"

"பையில போட்டேங்க."

"யாரு போட்ட?"

"நான்தான்."

குத்திக்காட்ட ஸுபைதா அதைக் கேட்கவில்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம், இந்த மாதிரி நேரத்தில் நீ என்ன செய்தாய், எனக்கும் சொல்லிக்கொடு என்று கேட்கிற கேள்விதான் அது. பதிலைக் கேட்டதும் அவரே வாயைப் பொத்திக்கொண்டார். பஸீல் தரையைப் பார்த்தான். தோட்டத்தில் கல் நெஞ்சு என்று பேசியவர்கள்கூட இந்த விஷயத்தை அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் இன்னும் என்னென்ன பேசியிருப்பார்களோ.

ஜீவராணி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள். கடைசியாக வைத்த பை மேலேயே இருந்தது. அதை இன்னொரு மஞ்சள் பைக்குள் இறக்கிக் கட்டி, இறுக்கமான மூடியுள்ள ஒரு புது வெள்ளை வாளிக்குள் வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினாள். வெளியே கிருமிநாசினி போட்டுத் துடைத்தாள். வேனுக்கு மூட்டை கட்டும்போது எப்படி அவசரமில்லாமல் செய்வாளோ அதே மாதிரிச் செய்தாள்.

"தொறக்காதீங்க. வாளியோட அப்படியே குழியில வைங்க. ஆழமாத் தோண்டச் சொல்லுங்க, நாய் கீய் கிண்டக் கூடாது. தொட்டவங்க எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவணும்," என்றாள்.

ஸுபைதா வாளியை வாங்கித் தன் முந்தானைக்குள் அணைத்துக்கொண்டு நடந்தார். வேன் புறப்படும் சத்தம் கேட்டது. ஜீவராணி என் பக்கம் திரும்பினாள். யாரிடமும் சொல்லாதீங்க டீச்சர் என்பாள் என்று எதிர்பார்த்தேன். சொல்ல மாட்டேன் என்று நானே வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கொட்டிலைப் பூட்டிவிட்டு நேரே உள்ளே போனாள், மிஸ்ஸிடம் தானே சொல்லிவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எங்களைத் தவிர யாருமே பார்க்கவில்லை. குப்பை வேன்காரன் பையை எண்ணுகிறவனும் இல்லை. ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தால் போதும். பஸ்ஸில் போகும்போது அதையெல்லாம் கொட்டித் தீர்த்தேன், அப்பா நடுவில் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் அமைதியாகக் கேட்டுவிட்டு, நாளைக்கு யாருக்காவது ஏதாவது குத்திவிட்டது என்றால் எங்கே போனது என்று தேட வேண்டாமா என்றாள். ஊசியை எடுத்துப் பெட்டியில் போட்டாளாம், ஆனாலும் சொல்லி வைப்பதுதான் முறையாம்.

மிஸ் அவளைத் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாராம். ஏன் செய்தாய் என்று கேட்டாராம். இவள் கொட்டில் சாவியை எடுத்து மேசையில் வைத்தாளாம். மிஸ் மேலிடத்துக்கு அறிவித்தார், துப்புரவுக் கம்பனி மறுநாளே நிறுத்திவிட்டது. மிஸ்மீது எனக்கு ஆத்திரம்தான். ஆனால் அவர் செய்ததில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது அதைவிட ஆத்திரம். அந்தச் சட்டம் என் அப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

லயத்தில், இனிமேல் கேனுக்கு என்ன செய்வது என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். நான் பேர் சொல்ல மாட்டேன், சொன்னால் தினமும் முகத்தில் முழிக்க வேண்டும். பஸீல் ஒரு நாள் தேடிக்கொண்டு தோட்டத்துக்கே வந்தான். தகப்பனின் கபுறுக்குள்ளேயே வாளியையும் வைத்து மூடியதாகச் சொன்னான். எவ்வளவு ஆழம் என்று ஜீவராணி விசாரித்தாள், ஆளுயரம் என்றதும் சரி என்றாள். கடையில் வேலை தருவதாக உம்மா சொல்லியனுப்பினார் என்றான். வேண்டாம் என்றுவிட்டாள். அதை வாங்கினால் இதற்குக் கூலி வாங்கின மாதிரி ஆகிவிடுமாம். கூலி என்றே வைத்துக்கொள், உன் மகளுக்காக வாங்கு என்று நான் கத்தினேன். அவள் அசையவில்லை.

ஜெயந்தினி படிப்பை விட்டுவிட்டாள். பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். கொழுந்துக் கூடை ஏறவில்லை, அந்த மட்டுக்கும் அம்மாவின் பிடிவாதம் நின்றது. ஆனால் அம்மாவோடு அவள் சரியாகப் பேசுவதில்லை. செத்துப்போன ஒரு முதலாளியின் இரத்தத்துக்காக உயிரோடு இருக்கிற என்னை விட்டுட்டீங்களே என்று ஒரு நாள் கேட்டாளாம். ஜீவராணி இதை என்னிடம் சொன்னபோதும் அழவில்லை. அவள் கேட்டது சரிதானே என்றாள்.

இப்போது அவள் காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போகிறாள். மற்றப் பெண்களோடு வரிசையில் நின்று, கங்காணி சொல்கிற மலைக்கு ஏறிக் கொழுந்து பறிக்கிறாள். போன கிழமை நல்ல மழை. அப்பாவுக்குக் கால் வீங்கி, பஸ்ஸுக்கு நிற்கவே முடியாமல் என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் எங்களைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் பொலித்தீன். அப்பாவை மறுபக்கம் தாங்கி, அங்கிருந்த கல்லில் உட்கார வைத்தாள். அவர் முகத்தை நேராகப் பார்த்து, சாப்பிட்டீங்களா பெரியப்பா என்று கேட்டாள். அவள் அவர் முகத்தைப் பார்த்ததை அன்றுதான் நான் பார்த்தேன்.

பிறகு என் கையைப் பிடித்து நாலடி தள்ளிக் கூட்டிப்போனாள்.

"டீச்சர், ஒன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள வச்சு அப்பாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அழுவுறதுக்கு முன்ன மிஸ்கிட்ட கேளுங்க. ரத்தத்தத் திருப்பி ஏத்தச் சொல்லுங்க. கேட்டா சில நேரம் செய்வாங்க. கொஞ்ச நேரந்தான் இருக்கும், அப்புறம் ஒறைஞ்சிரும்."

என் அப்பா உயிரோடு கல்லில் உட்கார்ந்திருக்கிறார். இவளை என்ன செய்தால் தகும் என்று வந்தது. உனக்கு அறிவிருக்கா என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும் டீச்சர், கேட்டா செய்வாங்கன்னு. தெரிஞ்சும் கேக்கல." குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. "எங்க வீட்டுக்காரரு நெஞ்ச அமுக்கிக்கிட்டு இருந்தாங்க. நான் கையில மஞ்சப் பைய விரிச்சு வச்சுக்கிட்டு, எப்ப முடியும்னு பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன்."

பஸ் வந்துவிட்டது. இரண்டு பேருமாக அப்பாவைத் தூக்கி ஏற்றினோம்.